பிளஸ் டூவுக்குப் பிறகு ஐடிஐ, டிப்ளமோ, அப்ரண்டிஸ்: தமிழ்நாட்டு மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்த ஒருவர் பாலிடெக்னிக்கில் முதலாமாண்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. லேட்டரல் என்ட்ரி முறையில் நேராக இரண்டாமாண்டில் சேர்ந்து, இரண்டே வருடத்தில் டிப்ளமோ வாங்கலாம். ஐடிஐயில் ஃபிட்டர் படிப்பும் இரண்டு வருடம்தான். பத்தாவது முடித்தவருக்கு டிப்ளமோ மூன்று வருடம், ஐடிஐ இரண்டு வருடம் என்று இருக்கும் கணக்கு பிளஸ் டூ முடித்தவருக்கு மாறிவிடுகிறது. இது தெரியாமல் ‘சீக்கிரம் முடியும்’ என்று ஐடிஐக்குப் போகிறவர்களும், ‘மூன்று வருடமா’ என்று பாலிடெக்னிக்கை விட்டுவிடுகிறவர்களும் நிறைய.

இன்ஜினியரிங், ஆர்ட்ஸ் கல்லூரிப் பக்கம் போகாமல் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். எந்தப் படிப்புக்கு ஸ்கோப் அதிகம் என்று தேடுவதைவிட, கையில் வாங்கும் சான்றிதழ் அடுத்து எங்கே செல்லுபடியாகும் என்று பார்ப்பதே முக்கியம் என்பது என் கட்சி. கீழே உள்ள படிகள் எல்லாமே அதை ஒட்டித்தான்.

படி 1: உங்கள் மதிப்பெண் பட்டியலை எடுத்து வையுங்கள்

பிளஸ் டூ பட்டியலை மட்டுமல்ல, பத்தாம் வகுப்புப் பட்டியலையும்தான். ஐடிஐ சேர்க்கை பத்தாம் வகுப்பை (வயர்மேன், வெல்டர் போன்ற சில டிரேடுகளுக்கு, அதாவது தொழிற்பிரிவுகளுக்கு, எட்டாம் வகுப்பை) அடிப்படையாகக் கொண்டது. ரயில்வே பணிமனைகளில் அப்ரண்டிஸ் (உதவித்தொகை வாங்கிக்கொண்டு வேலை பழகுபவர்) சேர்க்கைக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண், ஐடிஐ முடித்தவர் என்றால் ஐடிஐ மதிப்பெண், இவற்றை வைத்துத்தான் தரவரிசை போடுகிறார்கள். பிளஸ் டூவில் சறுக்கியவருக்கு இது நல்ல செய்தி.

அடுத்து, எந்த குரூப் என்று பாருங்கள். அறிவியல் குரூப்காரர்களுக்கும், பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு எடுத்தவர்களுக்கும் டிப்ளமோ இரண்டாமாண்டு நேரடிச் சேர்க்கை உண்டு. காமர்ஸ், கலைப் பிரிவுக்காரர்கள் டிப்ளமோவுக்குப் போனால் பெரும்பாலும் முதலாமாண்டிலிருந்துதான், அதாவது மூன்று வருடம். அவர்களுக்கு ஐடிஐ நேரான வழி. பிளஸ் டூவில் ஒன்றிரண்டு பாடம் போனவருக்கும் ஐடிஐயில் தடையில்லை.

படி 2: டிப்ளமோவா, ஐடிஐயா?

இரண்டும் இரண்டு வருடம் என்றால் டிப்ளமோதானே மேல் என்று தோன்றும். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஐடிஐயில் நேரத்தின் பெரும்பகுதி ஒர்க்‌ஷாப்பில் கழியும். அரம் பிடிப்பது, மார்க்கிங், டிரில்லிங், லேத்தில் வேலைத்துண்டைக் கட்டுவது, மைக்ரோமீட்டரில் அளவு பார்ப்பது என்று கைக்குத்தான் பயிற்சி. டிப்ளமோவில் தியரியும் வரைபடமும் கணக்கும் அதிகம். தொழிற்சாலைக்குள் போனால் ஐடிஐக்காரர் பெரும்பாலும் மெஷினில், மெயின்டனன்ஸில், அசெம்பிளியில் இருப்பார். டிப்ளமோக்காரர் சூப்பர்வைசர், குவாலிட்டி, டிசைன், பிளானிங் பக்கம் நகர்வார்.

அரசு வேலையில் இந்த வித்தியாசம் இன்னும் கறாராக இருக்கிறது. ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர் ஆக டிப்ளமோ வேண்டும், ஐடிஐ போதாது. ஆனால் டெக்னீஷியன் கிரேடு 3 பணிக்குக் கேட்பது ஐடிஐ அல்லது அப்ரண்டிஸ் சான்றிதழ்; அங்கே ‘நான் டிப்ளமோ, அதைவிடப் பெரிய படிப்பு’ என்று சொன்னாலும் எடுபடாது. அசிஸ்டன்ட் லோகோ பைலட் பணிக்கு இரண்டில் எது இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பெரிய படிப்பு சின்னப் படிப்பை விழுங்கிவிடும் என்ற நினைப்பில் வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு.

மேலே படிக்கும் வழி இரண்டிலும் திறந்தே இருக்கிறது. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம். பத்தாவதுடன் இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் டிப்ளமோ இரண்டாமாண்டில் சேரலாம். இங்கே கவனிக்க வேண்டியது ‘இரண்டு வருட’ என்ற சொல். வெல்டர், பிளம்பர், டீசல் மெக்கானிக், கோபா எனப்படும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் டிரேடு எல்லாம் ஒரு வருடப் படிப்புகள். பின்னாளில் டிப்ளமோ படிக்கும் எண்ணம் இருந்தால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் போன்ற இரண்டு வருட டிரேடை எடுங்கள்.

என்னைக் கேட்டால், கணிதம் பிடிக்கும், வீட்டில் இன்னும் சில வருடம் தாங்கும் என்றால் டிப்ளமோ. கையால் செய்வதில்தான் மனம் நிற்கிறது, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றால் ஐடிஐ. குரூப் சரியாக இருந்து குழப்பமும் இருந்தால் இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

படி 3: டிரேடைத் தேர்வு செய்வது

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நிறுவனத்தின் பெயரைவிட டிரேடு முக்கியம்.

ஃபிட்டர் என்பது எல்லாத் தொழிற்சாலைக்கும் வேண்டிய டிரேடு. பம்ப், மோட்டார், கார், ரயில் பெட்டி, பாய்லர் எதுவானாலும் பொருத்துவதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஃபிட்டர் வேண்டும். அரசு, பொதுத்துறை அறிவிப்புகளிலும் ஃபிட்டர் இடங்கள் தவறாமல் வரும். போட்டியும் அதற்கேற்ப அதிகம்.

எலக்ட்ரீஷியன் படிப்புக்குத் தனியாகத் தொழில் செய்யும் வழியும் உண்டு. ஆனால் ஐடிஐ சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் வயரிங் ஒப்பந்தம் எடுத்துவிட முடியாது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் கிண்டியில் இருக்கிறது. வயர்மேன், சூப்பர்வைசர் தகுதிச் சான்றும் ஒப்பந்தக்காரர் உரிமமும் அங்கேதான் வாங்க வேண்டும். முறையாகப் படிக்காமல் பல வருடம் வயரிங் வேலை பார்த்தவர்களுக்கு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. அதற்கே ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். ஐடிஐ படித்தவருக்கு அந்தக் காத்திருப்பு மிச்சம்.

வெல்டர் ஒரு வருடம்தான் என்பதால் அதைக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. ஆனால் வெல்டிங்கில் படிப்பு முடிந்த பிறகுதான் உண்மையான ஏற்றம். சாதாரணக் கேட், கிரில் வெல்டிங்குக்கும் உயர் அழுத்தக் குழாய் வெல்டிங்குக்கும் சம்பளத்தில் பெரிய இடைவெளி. பாய்லர் சட்டத்தின் கீழ் வரும் குழாய்களில் கை வைக்க, பாய்லர் துறை தேர்வு வைத்துத் தரும் வெல்டர் சான்று தேவை. அந்தச் சான்றை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். திருச்சி பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இந்தத் துறையில் பயிற்சிகள் தருகிறது. டிக் வெல்டிங்கும் (மந்தவாயு சூழப் பற்றவைக்கும் நுணுக்கமான முறை), குழாயைச் சாய்த்து நிறுத்தி வைத்துப் பற்றவைக்கும் 6ஜி நிலையும் கைவந்தவருக்கு உள்ளூரிலும் வெளிநாட்டிலும் வேலை கிடைக்கும். கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு வரக்கூடிய வேலை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஹெல்மெட், காற்றோட்டம் விஷயத்தில் அலட்சியம் காட்டும் பட்டறையில் பழகாதீர்கள்.

டர்னர், மெஷினிஸ்ட் படிப்பவர்கள் சிஎன்சி (கணினி புரோகிராமில் இயங்கும் மெஷின்) கற்காமல் வெளியே வந்தால் பாதிப் படிப்புதான். கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்று ஆள் தேடுவது புரோகிராம் புரிந்து செட்டிங் போடத் தெரிந்தவரை. குளிர்சாதன டெக்னீஷியன் படிப்பு சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவருக்கு ஏற்றது. முதலீடு குறைவு, வேலை வீடு தேடி வரும், ஆனால் கோடையில் மூச்சு விட நேரமிருக்காது.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ‘தொழில் 4.0’ மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். ரோபோ, ஆட்டோமேஷன், மேம்பட்ட சிஎன்சி, மின்வாகன மெக்கானிக் போன்ற புதிய டிரேடுகள் அங்கே உண்டு. கருவிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் புதிய டிரேடு பெயர்கள் பழைய வேலை அறிவிப்புகளில் இன்னும் எல்லா இடத்திலும் ஏறவில்லை. அரசு வேலைதான் குறி என்றால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பழைய பெயர்களே பாதுகாப்பு. தனியார் தொழிற்சாலை என்றால் புதியவற்றைத் தைரியமாக எடுக்கலாம்.

உங்கள் வட்டாரத்தையும் கணக்கில் எடுங்கள். கோவையில் பம்ப், ஃபவுண்டரி, ஒரகடத்தில் வாகனம், ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல், திருப்பூரில் பின்னலாடை, சிவகாசியில் அச்சு. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் எந்தத் தொழில் இருக்கிறதோ, அதற்கான டிரேடில் அப்ரண்டிஸ் இடம் கிடைப்பது எளிது.

படி 4: நிறுவனத்தைச் சோதிப்பது

அரசு ஐடிஐ என்றால் பெரிதாகக் கவலையில்லை. தனியார் என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: அங்கீகாரம் கட்டிடத்துக்குக் கிடைப்பதில்லை, டிரேடு வாரியாகவும் யூனிட் (ஒரு பயிற்சிக் குழு) வாரியாகவும் கிடைக்கிறது. ஒரே ஐடிஐயில் எலக்ட்ரீஷியனுக்கு மத்திய அங்கீகாரம் இருக்கும், பக்கத்து அறையில் நடக்கும் வேறு டிரேடுக்கு இருக்காது. ‘எங்கள் ஐடிஐ கவர்ன்மென்ட் ரெகக்னைஸ்டு’ என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். ‘நான் சேரும் டிரேடில், இந்த வருடம், எத்தனை இடத்துக்கு?’ என்று கேளுங்கள். மத்திய பயிற்சி இயக்ககத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். படித்து முடித்ததும் கிடைக்க வேண்டியது என்டிசி என்கிற தேசிய தொழிற்சான்றிதழ். நிறுவனம் தானே தரும் வேறு பெயர் சான்றிதழை நம்பி ரயில்வேக்கோ பொதுத்துறைக்கோ போகாதீர்கள்.

அப்புறம் ஒர்க்‌ஷாப்பை நேரில் பாருங்கள். லேத்தில் புதிய சீவல்கள் கிடக்கின்றனவா, வெல்டிங் அறையில் புகை வாசனை இருக்கிறதா, மாணவர்களின் கையில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பளபளவென்று துடைத்து வைத்த மெஷின்களைக் கண்டு மயங்க வேண்டாம். ‘வராவிட்டாலும் பரவாயில்லை, சான்றிதழ் வாங்கித் தருகிறோம்’ என்று சொல்லும் இடத்தைவிட்டு உடனே கிளம்புங்கள். ஐடிஐயின் இறுதித் தேர்வான அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத 80 சதவீத வருகை கேட்பார்கள்.

இன்னொன்று, ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ பெயரில் ஆறு மாதப் படிப்புக்குப் பெரிய தொகை கேட்கும் இடங்கள். தொழிற்சாலையில் சட்டப்படியான பாதுகாப்பு அதிகாரியாக, பொறியியல் டிகிரி, டிப்ளமோ போன்ற படிப்பும் அதற்கு மேல் தொழிற் பாதுகாப்பு டிப்ளமோவும் வேண்டும். பிளஸ் டூவுடன் ஆறு மாதச் சான்றிதழை வைத்து அந்த நாற்காலிக்குப் போக முடியாது.

படி 5: செலவும் உதவியும்

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, புத்தகம், வரைபடக் கருவிகள் போன்றவை கிடைக்கும். அரசு பாலிடெக்னிக் கட்டணமும் தனியாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். ஐடிஐ, டிப்ளமோ படிப்பவர்களும் இதில் வருவார்கள். இது கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. சேரும் இடத்திலேயே கேட்டு விண்ணப்பியுங்கள்.

படி 6: அப்ரண்டிஸ், தவறவிடக் கூடாத ஒரு வருடம்

ஐடிஐ முடித்ததும் கிடைக்கிற முதல் வேலையில் ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுவது வழக்கம். மாதம் சில ஆயிரம் கூடுதலாக வருகிறது என்று கான்ட்ராக்ட்காரரிடம் போகிறார்கள். நான் இதற்கு எதிர். ஐடிஐயில் கற்ற இரண்டு வருடத்தைவிட நல்ல தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருக்கும் ஒரு வருடம் கனமானது. முடித்துத் தேர்வு எழுதினால் என்ஏசி என்கிற தேசிய தொழில் பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். ரயில்வேயில் பயிற்சி முடித்த அப்ரண்டிஸ்களுக்கு லெவல் 1 எனப்படும் தொடக்கநிலைப் பணிகளில் 20 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இதன் அடிப்படை 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களைச் சேர்க்க வேண்டும் என்று 2019-ல் விதியைத் திருத்தினார்கள். அதே திருத்தத்தில் குறைந்தபட்ச உதவித்தொகையாக பிளஸ் டூ, ஐடிஐ முடித்தவருக்கு மாதம் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000 ரூபாய் நிர்ணயித்தார்கள். நிறுவனம் விரும்பினால் இதற்கு மேலும் தரலாம். சேரும் நேரத்தில் எந்தத் தொகை நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்ய இரண்டு மத்திய அரசு இணையதளங்கள். ஐடிஐ முடித்தவர்களும் ஐடிஐ படிக்காமல் நேரடியாக வருகிறவர்களும் ‘அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா’ தளத்தில் பதிய வேண்டும். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்குத் தனியாக ‘நாட்ஸ்’ என்ற தளம். தென் மாநிலங்களுக்கு அதைக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பதிவு செய்துவிட்டு அழைப்பு வரும் என்று உட்கார்ந்திருந்தால் வராது. நிறுவனங்களின் அறிவிப்பைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை), தெற்கு ரயில்வேயின் பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் பணிமனைகள், திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி ஆகிய பெயர்களைக் குறித்து வையுங்கள்.

ஐடிஐ படிக்காத பிளஸ் டூ மாணவருக்கும் இங்கே ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. ஐசிஎஃபும் தெற்கு ரயில்வேயும் ‘ஃபிரெஷர்’ என்ற பிரிவில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து நேரடியாக எடுக்கிறார்கள். பயிற்சிக்காலம் ஐடிஐக்காரரைவிட அதிகம். டிரேடைப் பொறுத்து இரண்டு வருடம் வரை போகும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கு மருத்துவ ஆய்வக டெக்னீஷியன் இடங்களும் இதில் வரும். பத்தாவதில் நல்ல மதிப்பெண் வைத்திருப்பவர் கட்டணம் கட்டாமல், உதவித்தொகை வாங்கிக்கொண்டே தொழில் கற்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. வயது வரம்பு குறைவு என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அது அரசுத் தளத்தில் பதிவாகி ஒப்பந்த எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லையென்றால் நீங்கள் சட்டப்படி அப்ரண்டிஸ் இல்லை, குறைந்த சம்பளத் தொழிலாளி. அப்ரண்டிஸ்ஷிப் அட்வைசர் என்கிற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வேலை வாங்க முடியாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிப்ளமோ மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பொதுத்துறை அப்ரண்டிஸ் அறிவிப்புகளில், படிப்புக்குப் பிறகு ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால் தகுதியில்லை என்று போட்டிருப்பார்கள். ‘கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு அப்ரண்டிஸ் போகலாம்’ என்ற திட்டம் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

படி 7: வேறு சில கதவுகள்

சென்னை கிண்டியில் 1968-ல் தொடங்கிய சிபெட் நிறுவனத்தில் பிளாஸ்டிக், மோல்டு (வார்ப்பு அச்சு) தொழில்நுட்ப டிப்ளமோக்கள் உண்டு. மோல்டு வேலை நன்றாகக் கற்றவர்களுக்கு வேலைப் பஞ்சம் இல்லை. காலணி வடிவமைப்புக்கு அதே கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம், கைத்தறிக்கு சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், ஹோட்டல் தொழிலுக்குத் தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் கேட்டரிங் கல்லூரிகள். டூல் அண்ட் டை (தொழிற்சாலைக்கான கருவிகளும் அச்சுகளும் செய்யும்) வேலைக்கு என்டிடிஎஃப் பயிற்சி நிறுவனம் பெயர் பெற்றது, கட்டணம் மட்டும் கூடுதல்.

மருத்துவப் பக்கம் போக விரும்பும் அறிவியல் குரூப்காரர்களுக்கு மூன்று வருட நர்சிங் டிப்ளமோ, ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ் போன்ற படிப்புகள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி இடங்களை முதலில் முயன்று பாருங்கள். நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் பதிவு கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

கப்பல் வேலை ஆசை உள்ளவர்கள் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பட்டியலில் இல்லாத நிறுவனத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். கப்பலில் தொடக்கநிலைப் பணியாளர் ஆவதற்கான ஜிபி ரேட்டிங் பயிற்சியே ஆறு மாதம் பிடிக்கும். ‘பத்து நாள் பயிற்சி, உடனே கப்பல்’ என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று.

படி 8: வெளிநாடு

வளைகுடா, சிங்கப்பூர் என்று யோசிப்பவர்கள் முதலில் அப்ரண்டிஸ் சான்றும் இரண்டு மூன்று வருட அனுபவமும் சேர்த்துக்கொண்டு கிளம்பினால் ஹெல்பராகப் போகாமல் டெக்னீஷியனாகப் போகலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் அவர் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்பவர் பதிவு பெற்றவராகவே இருந்தாலும் சட்டத்தை மீறுகிறார். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள்.

சேரும் நாளில் செய்ய வேண்டியது

ஐடிஐ, பாலிடெக்னிக் இரண்டுக்கும் ஆன்லைன் விண்ணப்பம் பொதுத்தேர்வு முடிவுகளை ஒட்டி மே மாத வாக்கில் தொடங்கும். ஐடிஐக்கு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, பாலிடெக்னிக்குக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். முதல் சுற்றில் கிடைக்காவிட்டால் அரசு ஐடிஐகளில் காலியிடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடத்துவார்கள். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் போய்க் கேட்டால் எங்கே எந்த டிரேடில் இடமிருக்கிறது என்று சொல்வார்கள்.

விண்ணப்பிக்கும் முன் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னாலும் இன்னொன்றில் பின்னால் விரிவாகவும் இருந்தால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரை மாற்றிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். ஐடிஐ சான்றிதழும் அப்ரண்டிஸ் பதிவும் உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கும் எல்லாம் அந்த ஆதார் பெயரை வைத்துத்தான் இணைகின்றன.